விலைக்கு வாங்கிய எளிமை



மூன்று நாள் இடைவெளியில், இரண்டு குறிப்பேடுகளில், ஒரே கையால் நான் எழுதிய இரண்டு குறிப்புகள் இன்றளவும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றன. முதற்குறிப்பு, கிர்நார் மலையடிவாரத்துத் தர்மசாலை ஒன்றில் எழுதியது: "அறையில் தரை வெறுமையாக உள்ளது. சுவரில் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. முதியோர்க்கு வசதி போதாது." இரண்டாங்குறிப்பு, அகமதாபாத் நகரின் நடுவே அமைந்த அழகிய சிறு விடுதி ஒன்றில் எழுதியது: "வெறுந்தரையும் வெண்சுவரும் மனத்திற்கு அமைதி தருகின்றன. எளிமையின் அழகை இங்குக் கண்டேன்."

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் வெறுந்தரை, இரண்டும் சுண்ணாம்புச் சுவர். ஒன்றில் குறை கண்டேன். மற்றொன்றில் அழகு கண்டேன். பல்லாண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாள்களில் 'முன்னுக்குப்பின் முரண்' என்று சிவப்பு மையால் எழுதியவள் நான். என் விடைத்தாளையே திருத்த வேண்டிய வேளை எழுபத்து நான்காம் வயதில் வந்து வாய்த்தது. எளிமை என்பது யாது? அது பொருளில் உள்ளதா, மனத்தில் உள்ளதா, அன்றிக் கொடுக்கும் விலையில் உள்ளதா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

சென்ற ஆண்டு, பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளித் திருநாள் கழிந்தபின், கிர்நார் யாத்திரை சென்றேன். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் முத்தியடைந்த மலை அது. திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரமாகப் பாறையில் நிற்கும் நேமிநாதரை வணங்கி வளர்ந்த நமக்கு, அப்பெருமானின் சித்தக்ஷேத்திரத்தைக் கண்ணாற் காண்பது வாழ்நாள் ஆசையன்றோ! ஏறத்தாழப் பத்தாயிரம் படிகள் கொண்ட அம்மலைக்கு 2020-ஆம் ஆண்டு கம்பிவட ஊர்தி வந்துவிட்டமையால், முழங்கால் தேய்ந்த என்போன்றோரும் மலைமேற் செல்ல முடிகிறது. தரிசனம் குறைவின்றி நிறைவேறியது. குறை கண்டது தங்கிய இடத்தில்தான். யாரோ முகந்தெரியாத கொடையாளர் கட்டிவைத்த அறையில், பெயரளவுக்கான தொகை கொடுத்துத் தங்கி, புறப்படும்போது மேற்சொன்ன குறிப்பையும் எழுதிவைத்துவிட்டு இரயிலேறினேன்.

அகமதாபாத்தில் என் மகள் வயிற்றுப் பேத்தி வடிவமைப்புக் கல்வி பயில்கிறாள். மாணவியர் விடுதியில் அவள் வசிப்பதால் என்னை அங்குத் தங்கவைக்க இயலாது. ஆகவே, தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் எனக்கென ஓர் அறையை இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்திருந்தாள். "பாட்டி, உங்களுக்கு ஆடம்பரம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். இது ஆடம்பரமே இல்லாத இடம்" என்றாள். விடுதியின் பெயரை இங்குக் கூறேன். புகழ்ந்தால் விளம்பரமாகும், இகழ்ந்தால் பழியாகும். இரண்டும் என் நோக்கமன்று.

இத்தகைய விடுதிகளைப் 'பூட்டிக் ஓட்டல்' என்கின்றனர். பூட்டிக் என்பது சிறு கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1978-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பிளேக்ஸ் என்னும் விடுதியையும், 1984-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட மார்கன்ஸ் என்னும் விடுதியையும் இவ்வகைக்கு முன்னோடிகளாகக் கூறுவர். பெரிய ஓட்டல்களின் பளிங்குக் கூடமும் சரவிளக்கும் எங்கும் ஒன்றுபோலவே இருந்து சலித்துப்போன செல்வர்க்கு, சில அறைகளே கொண்ட, அந்தந்த ஊரின் மணம் கமழும், ஆரவாரமற்ற உறைவிடத்தை அளிப்பது இவற்றின் நோக்கம். இன்று நம் நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றிலும் முன்னோர் மாளிகைகள் இவ்வாறு உருமாறியுள்ளன.

அகமதாபாத் அதற்கு மிகப் பொருந்திய நகரம். 1411-இல் அகமது ஷா நிறுவிய அந்நகரின் பழைய பகுதி, 'போள்' எனப்படும் தெருத்தொகுதிகளால் ஆனது. நெருங்கி நிற்கும் மரவீடுகள், முற்றங்கள், முற்றத்தின் அடியில் மழைநீர் சேமிக்கும் தொட்டிகள், பறவைகளுக்குத் தீனி வைப்பதற்கென்றே தூண்மேல் எழுப்பிய கூண்டுகள் ஆகியவற்றைக் கண்டு நெகிழ்ந்தேன். 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே. எங்கள் விடுதியும் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பஞ்சாலை முதலாளி ஒருவர் கட்டிய வீடுதான்.

அறையைச் சொல்கிறேன். மெருகேற்றாத கல்தரை. வெண்சுண்ணாம்புச் சுவர். தாழ்வான கட்டில், அதன்மேல் வெள்ளைக் கதர் விரிப்பு. ஒரு பித்தளைச் செம்பு. சன்னலோரம் மரப்பலகை ஊஞ்சல். தொலைக்காட்சி இல்லை, படம் இல்லை, பூச்சாடிகூட இல்லை. உள்ளே நுழைந்ததும் என் மனம் அடங்கியது. "இதுவன்றோ நம் அறம் கூறும் வாழ்க்கை!" என்று மகிழ்ந்தேன். ஓர் இரவுக்கான வாடகை என் ஓய்வூதியத்தில் பத்து நாளையத் தொகை என்பதைப் பேத்தி பிறகுதான் கூறினாள்.

என் நோன்புகளுக்கு அங்கே இடையூறு ஏதும் நேரவில்லை. பொழுது சாயுமுன் உணவு வேண்டும் என்றேன். இரவு ஏழு மணிக்கே தொடங்கும் அடுக்களையை எனக்காக ஐந்து மணிக்குத் திறந்தனர். வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது என்றேன். குஜராத்தில் அதனை விளக்கவே தேவையில்லை. குழாயில் வெந்நீர் வந்தபோதிலும், துணியால் வடிகட்டிய நீரிலேயே நீராடுவது என் வழக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு வடிகட்டிய வெந்நீர் ஒரு வாளி வேண்டும் என்றேன். மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு, கதவைத் திறந்தால், வெள்ளைத் துணியால் மூடிய வாளி ஆவி பறக்க வாசலில் இருந்தது. வைத்தவரைக் காணவில்லை. அவ்வொழுங்கையும் உள்ளூரப் பாராட்டிக்கொண்டேன்.

அன்று முற்பகல் பேத்தி என்னைச் சபர்மதி ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்றாள். காந்தியடிகள் 1930 மார்ச்சு 12-ஆம் நாள் தண்டிக்குப் புறப்படும்வரை வாழ்ந்த 'இருதய குஞ்ச்' என்னும் இல்லத்தில் அவருடைய அறையைக் கண்டோம். தரையில் விரித்த திண்டு, எழுதுவதற்குத் தாழ்வான சிறு மேசை, இராட்டை, அவ்வளவே. மிகுபொருள் விரும்பாமையை அடிகளின் நெஞ்சில் ஆழப் பதித்தவர்களுள் நம் சமயத்து ஞானியாகிய ஸ்ரீமத் ராஜசந்திரரும் ஒருவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வறையைப் பார்த்தவுடன் என் வாயினின்று வந்த சொல், "அடடா, நம் விடுதி அறை போலவே இருக்கிறதே!" என்பதுதான். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்; ஒன்றும் கூறவில்லை.

மாலையில் விடுதியின் குறிப்பேட்டில் நான் எழுதியதைப் படித்தபோதுதான் அவள் வாய்திறந்தாள். "பாட்டி, கிர்நாரிலிருந்து தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்? 'வெறுந்தரையில் கிடக்கிறேன், வெறும் சுண்ணாம்புச் சுவர்' என்று வருந்தினீர்களே! இங்கும் அதே தரைதானே?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். பரிக்கிரகம் என்பது புறப்பொருள் பத்து, அகப்பொருள் பதினான்கு என இருபத்து நான்காக நம் ஆசாரியர்களால் வகுக்கப்பட்டுள்ளது. நிலம், வீடு, வெள்ளி, பொன், செல்வம், தானியம், பணிப்பெண்டிர், பணியாளர், ஆடை, பாத்திரம் என்பன புறப்பொருள்கள். பொய்க்காட்சி ஒன்று, கசாயங்கள் நான்கு, அவற்றின் துணையாய் வரும் நோகசாயங்கள் ஒன்பது ஆகியவை அகப்பொருள்கள். எண்ணிக்கையில் அகப்பொருளே மிகுதி என்பதைக் கவனியுங்கள். உமாஸ்வாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் வகுக்கும்போது பொருளின் அளவைச் சுட்டவில்லை. பொருள்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தையே சுட்டுகிறார்.

இவ்வளவுகோலால் அளந்தால், சரவிளக்கு தொங்கும் பெரிய ஓட்டலும் என் வெண்சுவர் அறையும் எவ்வாறு வேறுபடுகின்றன? பெரிய ஓட்டலில் தங்குகிறவர்க்கு லோபம் என்னும் கசாயம் வெளிப்படையாகத் தெரியும். 'நான் ஆடம்பரத்தை விரும்புகிறேன்' என்று அவர் நெஞ்சம் அறியும். அறிந்ததை ஒருநாள் விடவும் கூடும். என் அறையிலோ லோபம் வெள்ளைக் கதரைப் போர்த்துக்கொண்டது. அப்போர்வையின் பெயர் மாயை. 'ஆடம்பரத்தை வெறுக்கும் உயர்ந்த சுவை எனக்குண்டு' என்ற எண்ணமும் கூடவே எழுந்தது. அதன் பெயர் மானம், அதாவது செருக்கு. ஆக, ஒரு கசாயம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கசாயங்கள் குடியேறின. தசலக்ஷண தர்மங்களுள் ஒன்பதாவதாகிய ஆகிஞ்சன்யத்தை, அதாவது 'எனதென்று ஒன்றில்லை' என்னும் நிலையை நான் நாடுவதாக நினைத்தேன். ஆனால் மூன்றாவதாகிய ஆர்ஜவத்தையே, மனத்தின் நேர்மையையே இழந்திருந்தேன். தர்மசாலையில் 'இது எனக்குப் போதாது' என்று முகஞ்சுளித்தபோதாவது நான் நேர்மையாக இருந்தேன்.

இருதய குஞ்ச் அறையையும் விடுதி அறையையும் ஒன்றெனக் கூறிய பேதைமையும் அப்போதுதான் விளங்கிற்று. அங்கே, வேண்டாதவை விலக்கப்பட்டபின் எஞ்சியது எளிமை. இங்கே, வேண்டிய யாவும் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்டபின் தோன்றியது எளிமை. மணியை அழுத்தினால் ஓடிவர ஆள் உண்டு; சூடேற்றும் கருவி உண்டு; குளிரூட்டும் கருவியும் சன்னல் மரச்சட்டத்துள் மறைத்துவைக்கப்பட்டுண்டு. இவ்வாறு பலவும் எண்ணி உறங்காதிருந்தவள், நான்கு மணியளவில் சாமாயிகம் செய்ய மொட்டைமாடிக்குச் செல்வோம் என எழுந்தேன்.

மாடிப்படியின் திருப்பத்தில் ஒருவன் படுத்திருந்தான். இருபது வயதிருக்கும். பாயில்லை, தலையணையில்லை. மடித்த துவாலை ஒன்று தலைக்கு. என் அறையில் உள்ளதே போன்ற மெருகேற்றாத கல்தரைமேல், குளிருக்கு உடலைக் குறுக்கிக்கொண்டு கிடந்தான். அருகில் ஒரு வாளி. அதன்மேல் மடித்துவைத்த வெள்ளைத் துணி.

காலடியோசை கேட்டு விழித்தெழுந்தவன், "நேரமாகிவிட்டதா, பா?" என்று பதறினான். அந்நாட்டில் முதிய பெண்டிரைத் தாயெனக் கருதி 'பா' என்றழைப்பர். எனக்குத் தெரிந்த சிறிது இந்தியில் விசாரித்தேன். அவன் வீடு ஆற்றுக்கு அப்பால், நகரின் எல்லையில் உள்ளது. அவன் வேலை நேரம் காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். ஐந்து மணிக்கு வெந்நீர் வைக்கவேண்டுமாயின், அந்நேரத்திற்கு வந்து சேர அவனுக்குப் பேருந்து கிடையாது. எனவே இரண்டு இரவும் வீட்டிற்குச் செல்லாமல் இங்கேயே தங்கினான். "என் பொருட்டா இப்படிப் படுத்தாய்?" என்றேன். "பரவாயில்லை, பா. தரைதானே!" என்றான்.

'தரைதானே' என்ற அச்சொல்லைக் கேட்டு நான் படியிலேயே அமர்ந்துவிட்டேன். நான் குறை கூறியதும் தரையை, புகழ்ந்ததும் தரையை. இவ்விளைஞனோ புகழவுமில்லை, குறைகூறவுமில்லை. அவனுக்கு அவ்விரண்டிற்கும் உரிமை அளிக்கப்படவில்லை. விரதம் என்னுடையது, அதன் சுமை அவனுடையது. துணியால் நீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைக் காத்தேன்; அந்நீரைச் சுமந்து வந்த ஐம்புலனும் மனமும் உடைய உயிரை இரண்டு இரவுகள் கல்லில் கிடத்தினேன்.

அவன் வாளியை எடுக்க முனைந்தான். வேண்டாவென்று தடுத்துக் குழாய் நீரை நானே வடிகட்டிக்கொண்டேன். அது பெரிய வேலையாகவே இல்லை என்பதை எழுதவும் நாணுகிறேன். காலையில் மேலாளரிடம் பேசினேன். இரவுத் தங்கலுக்குத் தனி ஊதியம் உண்டு என்றும், பணியாளர்க்கென ஓர் அறையும் உண்டு என்றும் அவர் பணிவோடு கூறினார். அவ்வாறே இருக்கலாம். ஊதியம் கொடுத்துவிட்டால் ஒருவனுடைய உறக்கத்திற்கு ஈடாகிவிடுமா என்ற வினா என் நாவரை வந்தது. அதற்கு விடை கூறவேண்டியவர் அவரல்லர், நானே என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மூன்று நாட்களுக்கு முன் எந்த மலையை வணங்கி வந்தேனோ, அந்த மலைக்குரிய பெருமானின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. நேமிகுமாரரின் திருமண ஊர்வலம் செல்கிறது. வழியில் கொட்டிலில் அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்கிறது. தம் மணவிருந்துக்கென அவை கொல்லப்படவிருப்பதை அறிந்ததும் தேரைத் திருப்பிவிடுகிறார். துறவு பூண்டு கிர்நார் ஏறுகிறார். விருந்து அவருக்காகவே, ஆயினும் வேலிக்கு அப்பால் நிகழ்வது தமக்குத் தொடர்பற்றது என அவர் கருதவில்லை. அந்த ஓலத்தைக் கேட்ட செவியே அவரைத் தீர்த்தங்கரர் ஆக்கிற்று எனலாம். அம்மலையினின்று இறங்கிய ஈரம் காயுமுன், மூடிய வாளியின் அழகைப் பாராட்டிய என் செவி எத்தகையது!

இவ்வாறு வேலிக்கு அப்பால் நோக்கிய ஒருவரை அதே அகமதாபாத் நகரமும் கண்டுள்ளது. 1885-இல் ஜைனப் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த அனசூயா சாராபாய் அம்மையார், ஒரு நாள் காலை, ஆலையிலிருந்து உணர்விழந்தவர்போல் தள்ளாடி வந்த பெண் தொழிலாளரைக் கண்டு விசாரித்தார். தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருகிறோம் என்றனர். தம் குடும்பச் செல்வம் எங்கிருந்து வருகிறதென்பது அன்று அவருக்குப் புலனாயிற்று. 1918-இல் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை முதலாளிகளின் தலைவராக நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் தமக்கை அனசூயா. 1920-இல் 'மஜூர் மகாஜன்' என்னும் தொழிலாளர் சங்கம் உருவாக அவர் காரணமாயிருந்தார். பட்டினி நோன்புகளைக் காட்டிலும் இத்தகைய நோன்பு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

இனி, ஒரு நியாயமான மறுப்பையும் கூறவேண்டும். இரயில் நிலையத்தில் இதனையெல்லாம் கேட்ட என் பேத்தி சினந்துகொண்டாள். "பாட்டி, அவ்வீடு விடுதியாக மாறாவிட்டால் இந்நேரம் இடித்துக் கடைவளாகம் கட்டியிருப்பார்கள். மரவேலை தெரிந்த தச்சர்க்கும், கதர் நெய்பவர்க்கும், அந்தப் பையனுக்கும் அதனால்தான் வேலை. அழகை விரும்புவதும் பாவமா?" என்றாள்.

அவள் கூற்றில் உண்மை உண்டு. அழகு பாவமன்று, ஆயின் நம் முன்னோர் சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டியிருக்கமாட்டார்கள். பழைய வீட்டைக் காப்பதும், கைத்தொழிலுக்குக் கூலி கொடுப்பதும் நற்செயல்களே. இல்லறத்தார்க்கு நம் அறம் துறவியின் மகாவிரதத்தை விதிக்கவுமில்லை. அளவு வகுத்துக்கொள் என்றே கூறுகிறது. ஆகவே அவ்வறையில் தங்கியதைக் குற்றம் என்று நான் கூறவில்லை. தங்கியதைத் துறவு என்று நினைத்ததே குற்றம். இன்பத்தை இன்பம் என்று அறிந்து, நன்றியோடு, அளவோடு துய்த்திருந்தால், அந்த இளைஞனின் முகத்தை முதல் நாளே நான் பார்த்திருப்பேன். 'எளிமையில் இருக்கிறேன்' என்று எண்ணிய காரணத்தால், எனக்குப் பணி செய்வோர் இருக்கின்றனர் என்பதையே மறந்துபோனேன்.

மற்றொரு பிழையையும் தவிர்க்கவேண்டும். படியில் கிடந்த இளைஞனின் நிலையை 'எளிமை' என்று போற்றுவதும் தவறு. துறக்கும் உரிமை உடையவன் துறப்பதே துறவு. மாங்குளத்திலும் சித்தன்னவாசலிலும் உள்ள கற்படுக்கைகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். படுக்கையைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல்லே சமண முனிவரின் உறைவிடத்திற்கும், பின்னர் அவர்கள் கல்வி புகட்டிய இடத்திற்கும் பெயராயிற்று. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கழித்த எனக்கு அச்சொல்லின் வேர் வெறுங்கல் என்பது பெருமிதம் தருவது. அம்முனிவர் அக்கல்லைத் தாமே தேர்ந்தனர். அதற்காகப் பிறர் எவரும் உறக்கம் இழக்கவில்லை. நான்கு வெறுந்தரைகள் இப்போது என் முன் நிற்கின்றன: முகஞ்சுளித்துப் படுத்தது, விலை கொடுத்துப் படுத்தது, வேறு வழியின்றிப் படுத்தது, விரும்பித் தேர்ந்து படுத்தது. கல் ஒன்றே. அறம் நான்காவதில் மட்டுமே உள்ளது.

துறவியர் எவ்விடத்துத் தங்கவேண்டும் என்பதைக் கள்ளாமை விரதத்தின் துணைப் பாவனைகளாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. ஆளில்லாத குகை முதலிய இடங்களில் உறைதல், பிறர் விட்டுச்சென்ற இடத்தில் உறைதல், பிறர்க்கு இடையூறு செய்யாமை, உணவுத் தூய்மை, உடன் அறத்தாரோடு பூசலிடாமை என்பன அவை. தங்குமிடம் பற்றிய ஒழுக்கத்தை ஆசாரியர் களவோடு சேர்த்து வைத்தது ஏன் என இளமையில் எனக்கு விளங்கியதில்லை. இப்போது விளங்குகிறது. தங்கும் இடத்தில் பிறர்க்கு இடையூறு செய்பவன், அவருக்குரிய எதையோ எடுத்துக்கொள்கிறான். நான் எடுத்தது ஓர் இளைஞனின் இரண்டு இரவு உறக்கம். அதனைக் கேட்டுப் பெறவில்லை. எடுத்தேன் என்பதையும் அறியவில்லை.

இஃது ஏதோ குஜராத்து விடுதியோடு முடிந்துபோகும் செய்தியன்று. நம் இல்லங்களுக்குள் சற்றே நோக்குவோம். பெரியவர் நோன்பிருக்கிறார், பொழுது சாயுமுன் அவருக்குச் சமைக்க, அலுவலகத்திலிருந்து அரைநாள் விடுப்பெடுத்து ஓடிவருபவள் மருமகள். பெரியவரின் பாரணைக்கு விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவளும் அவளே. நோன்பு நிறைவில் மாலையும் வாழ்த்தும் பெரியவர்க்கு. அடுக்களையில் நின்றவளை எவரும் அழைப்பதில்லை. நானும் பல்லாண்டுகள் அவ்வாறு மாலை ஏற்றவளே. போகோபபோக பரிமாண விரதம் ஏற்கும்போது, இத்தனை உணவுப்பண்டம், இத்தனை ஆடை, இத்தனை அணி என எண்ணி எழுதுகிறோம். பிறர் உழைப்பை அப்பட்டியலில் ஒருவரும் எழுதுவதில்லை. ஆயினும் புறப்பரிக்கிரகம் பத்தனுள் பணிப்பெண்டிரையும் பணியாளரையும் ஆசாரியர்கள் பெயர் குறித்தே வைத்துள்ளனர்.

ஊர் திரும்பியதும் இரண்டு செயல்கள் செய்தேன். தர்மசாலைக்கு ஒரு கடிதம் எழுதி, என் குறிப்புக்கு வருத்தம் தெரிவித்தேன். முதியோரின் முழங்கால் வலியும் உண்மையே ஆதலால், பாய்கள் வாங்கச் சிறு தொகையும் அனுப்பினேன். குறை கண்டவர் குறை தீர்க்கவும் வேண்டுமன்றோ! அடுத்து, என் விரதக் குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி வரைந்தேன். முதற்பத்தியில் நான் ஏற்கும் விரதம். அதன் எதிரே, 'இதனைச் சுமப்பவர் யார்?' என்ற வினா. அவ்விடத்தில் என் பெயரன்றி வேறு பெயர் வருமாயின், அவரைக் கேட்டு, அவர் மனமொப்பினால் மட்டுமே அவ்விரதத்தை ஏற்பதென உறுதி கொண்டேன். சில விரதங்கள் குறைந்தன. வெந்நீரும் வடிகட்டலும் இப்போது என் கையால்தான். கை சற்று நடுங்குகிறது, நீர் சிந்துகிறது. ஆயினும் சாமாயிகத்தில் அமரும்போது மனம் முன்னைவிட எளிதில் அடங்குகிறது.

யாத்திரை போகும் அன்பர்கள் எவ்விடத்தும் தங்குங்கள். தர்மசாலையாயினும் ஆகுக, அழகிய விடுதியாயினும் ஆகுக. ஆயினும் அறையின் வெண்சுவரைப் புகழுமுன், அச்சுவருக்குப் பின்னால் யார் நிற்கிறார், யார் உறங்குகிறார், யார் உறங்காதிருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். வரும் தசலக்ஷண பருவத்தில் நம் இல்லத்து விரதப் பட்டியலை எழுதும்போது, அடுக்களையில் நிற்பவரையும் அழைத்து அருகே அமர்த்திக்கொண்டு எழுதுங்கள்.

அறம் வளர்க! அருளறம் ஓங்குக!